இலுப்பை, வௌவால், ஒரு பை சப்போட்டா

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த வனவர் அவள். வேலையில் இருந்த காலத்தில் போன் அடித்தாலே எங்கே தீ, எங்கே பாம்பு என்று பதறுவேன். இப்போது யார் கூப்பிட்டாலும் சந்தோஷமாக இருக்கிறது.

"மேடம், பள்ளிக்கூடத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம பக்கத்துல பூக்கற தாவரம் ஒண்ணு, விலங்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, வகைப்பாடு என்ன, பாதுகாப்பு நிலை என்னன்னு ஒப்பிட்டுச் சொல்லணுமாம். எதை எடுக்கட்டுங்க?"

"இலுப்பையும் பழந்தின்னி வௌவாலும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லீங்களே மேடம்?"

"சம்பந்தம் இல்லாமயா? நேர்ல வா, சொல்றேன்."

அவள் சிரித்தாள். பிறகு, எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்கிற உற்சாகத்தோடு, வௌவால் இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது என்றும், யாரும் கொல்லலாம் என்கிற தீங்குயிர்ப் பட்டியலையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். தெரியும் என்றேன். போனை வைத்ததும், அந்தச் செய்தியை ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. வௌவால்களும் போய்விட்டன. சட்டம் மட்டும் நிதானமாக இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கவிதா பேசி முடித்திருப்பாள். அவள் நேரில் வரவில்லை, வேலை அப்படி. அவளுக்குச் சொல்ல வைத்திருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் ஓட்டம், மத்தியானம் சட்டப் புத்தகம், சாயங்காலம் கால்வலி. மரங்களின் லத்தீன் பெயர்களை ஒப்பித்துப் பாஸாகி, திருச்செங்கோட்டுப் பக்கம் சமூகக் காடுகள் பிரிவில் வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் காடு என்றால் சோளக்காடு, கடலைக்காடுதான். மரம் அடர்ந்த காட்டைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி மலைக்குப் போக வேண்டும். யூனிபார்மோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாக்கள், "எந்தக் காட்டைக் கண்ணு காவல் காக்கறே?" என்று கேட்பார்கள். ஏரிக்கரை மரம், ரோட்டோர மரம், புறம்போக்கு மரம், இவைதான் எங்கள் வனம்.

ரேஞ்சர் அருணாசலம் எனக்கு முதல் மேலதிகாரி. ஒல்லியான மனிதர். வாழப்பாடிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர், அதனால் பேச்சில் எங்கள் இழுவை இருக்காது, ஆனால் மரியாதை எங்களை விட ஒரு படி அதிகம். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்ட ஆட்டைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஊர்களுக்குப் போனால் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். இலை, மண், சாணம், மனு எல்லாவற்றையும்.

ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டி எப்போதும் இருக்கும். துவைத்து மடித்து வைத்தது. எந்த மரத்தில் என்ன உயிர் இருக்கிறது, அது என்ன தின்கிறது என்று தெரிய வேண்டுமானால், விடிவதற்கு முன் போய் அந்த மரத்தடியில் வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைப்பார். வெயில் ஏறிய பிறகு வேட்டியில் விழுந்திருப்பதைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். இதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிரிப்பது நாங்கள் அல்ல, மனுக் கொடுத்தவர்தான். "நாம பிரிச்சா நம்ம கணக்கு. அவர் பிரிச்சா அவர் கணக்கு" என்பார். ஆபீஸில் அவருக்குப் பின்னால் எல்லாரும் வேட்டி ரேஞ்சர் என்பார்கள். அது அவருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் என்று நினைவு. ஆனி மாதம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து ஆபீஸுக்குள் வந்தார். தோளில் கோணிப்பை. பெயர் செல்லமுத்து. ரிக் வண்டியில் டிரில்லராக வடக்கே எத்தனையோ மாநிலங்களில் போர்வெல் கிணறு போட்டவர். காலில் பைப் விழுந்து, ஊர் திரும்பி, அப்பா விட்டுப்போன நிலத்தில் சப்போட்டா வைத்திருந்தார். அவர் ஊர் ஆட்டையாம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. வந்தவர் வணக்கம் கூடச் சொல்லாமல் கோணிப்பையை என் மேஜை மேல் கவிழ்த்தார். கடிபட்ட சப்போட்டாக்கள் உருண்டு கீழே விழுந்தன.

"பாருங்க. நல்லாப் பாருங்க. வருசம் பூராத் தண்ணி கட்டி, வவ்வாலுக்குப் பந்தி போட்டுக்கிட்டு இருக்கறனுங்க."

கூடவே மனு. ஏரிக்கரையில் உள்ள இலுப்பை மரங்களில் அடைந்திருக்கும் வௌவால்களைத் துறை சுட்டு ஒழிக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த மரங்களையாவது வெட்ட வேண்டும். மரம் போனால் வௌவாலும் போய்விடும்.

நான் புதியவள், சட்டப் புத்தகம் இன்னும் மண்டையில் சூடாக இருந்தது. அப்போதைய சட்டப்படி பழந்தின்னி வௌவால் தீங்குயிர். எலி, காக்கையோடு ஒரே பட்டியலில் இருந்தது. அதை யாரும் கொல்லலாம், எங்களைக் கேட்கவே வேண்டியதில்லை. இலுப்பைக்கோ எந்தப் பட்டியலும் கிடையாது. அது கன அடியில் அளந்து ஏலம் விடுகிற மரம், அவ்வளவுதான். உலக அளவில் வைத்திருக்கும் பட்டியலில் வௌவாலுக்கு எதிரே "கவலை குறைந்த இனம்" என்று போட்டிருக்கும். உலகத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, நமக்கெதற்கு என்று நானும் நினைத்தேன். ஆக அந்த மனுவை மறுக்கக் காகிதத்தில் ஒரு காரணமும் இல்லை.

"வௌவாலுக்கு எங்க அனுமதியே தேவையில்லீங்களே?" என்றேன்.

"தெரியுமுங்க. வக்கீலு சொன்னாரு."

"அப்புறம் ஏனுங்க இங்க வந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாங்க கை வெக்கக் கூடாதுங்க. அது முனியப்பன் சாமியோடதுங்க. எங்கூர்ல தீவாளிக்குக் கூட வெடி வெடிக்க மாட்டமுங்க. பொறந்த கொளந்தைக்கே தெரியுமுங்க. இலுப்பை மரத்துல தூங்கறவங்களெ எளுப்பக் கூடாது."

"அப்ப நாங்க மட்டும் சுடலாமுங்களா?"

"நீங்க கவருமெண்டுங்க. உங்களுக்கு என்னுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்து வந்த ரேஞ்சர் சிரிக்கவில்லை. தரையில் குந்தி, விழுந்த சப்போட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். சிலவற்றை ஒரு பக்கம் வைத்தார்.

"இந்தப் பக்கம் வெச்சது அணில் கடிச்சதுங்க. பாருங்க, சின்னச் சின்னதாச் சுரண்டியிருக்கு. வௌவால் அப்படிச் சுரண்டாது. கடிச்சு, சப்பி, சாறை முழுங்கிட்டுச் சக்கையை உருண்டையாத் துப்பிடும். பழத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கீழ சக்கை இருக்கான்னு தேடுங்க."

"அணில் எத்தனை கடிச்சிருமுங்க?" என்று செல்லமுத்துவுக்குக் கோபம் வந்தது. "தோட்டத்துல எந்தப் பக்கம் பாத்தாலும் சக்கையாத்தான் கெடக்குது. வந்து பாருங்க."

"வரோமுங்க" என்றார் ரேஞ்சர்.

விடியும் முன்பே போய்விட்டோம். அந்த இலுப்பை வரிசையை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். பத்துப் பன்னிரண்டு மரங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். வரிசையின் கோடியில் ஒரு சின்ன முனியப்பன் சிலை. நாங்கள் வேட்டியை விரித்து, ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும் மேட்டில் போய் உட்கார்ந்தோம். கிழக்கு வெளுக்கும்போது வௌவால்கள் திரும்பி வந்தன. ஒன்று, இரண்டு என்றுதான் வந்தது போல இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வானம் முழுக்க அவைதான். சில ஏரித் தண்ணீரில் வயிற்றைத் தொட்டு நனைத்துக்கொண்டு மரத்துக்கு ஏறின. பிறகு கிளைக்குக் கிளை இடத்துக்குச் சண்டை. ஒரு கல்யாண மண்டபம் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு இரைச்சலாக இருக்குமோ அவ்வளவு இரைச்சல். வெயில் ஏற ஏற அடங்கி, றெக்கையால் விசிறிக்கொண்டு தூங்கின. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ரேஞ்சர் பிறகு கேலி செய்தார்.

வேட்டியைச் செல்லமுத்துவின் முன்னால் வைத்தார் ரேஞ்சர். "நீங்களே பிரிங்க."

அவர் முகம் சுளித்தார். இருந்தும் உட்கார்ந்து பிரித்தார். எச்சத்தில் கடுகை விடப் பொடியான விதைகள். ஆல், அரசு, அத்தி என்றார் ரேஞ்சர். வேப்பங்கொட்டை ஒரு குவியல். இலுப்பைக் கொட்டை ஒரு குவியல். சப்போட்டாக் கொட்டையும் சக்கையும் ஒரு குவியல். கடைசிக் குவியலும் சின்னது இல்லை. நான் மெதுவாக ரேஞ்சரைப் பார்த்தேன். சப்போட்டாக் குவியல் சிறிதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று எனக்கு.

"சப்போட்டா திங்குதுங்க. நல்லாவே திங்குது" என்றார் அவர். "அதை நான் அறிக்கையில எழுதிடறேன்."

செல்லமுத்துவே இதை எதிர்பார்க்கவில்லை. ரேஞ்சர் இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். இரண்டும் ஒரே பளபளப்பு. பிறகு இலுப்பை இலை ஒன்றைக் கிள்ளினார். பால் வந்தது.

"உங்க சப்போட்டாவுலயும் இதே பால் வரும்ல?"

"வருமுங்க. கை பூரா ஒட்டுமுங்க."

"ரெண்டும் ஒரே குடும்பமுங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. புத்தகத்துல ரெண்டுக்கும் குடும்பப் பேரு ஒண்ணுதான். இலுப்பை இந்த மண்ணுல பொறந்தவரு. சப்போட்டா கடல் தாண்டி வந்தவரு."

செல்லமுத்து கொட்டைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பங்காளிங்களா?"

"பங்காளியேதான்."

"அப்ப வவ்வாலு? அது பறவைங்களே?"

"பறவை இல்லீங்க. குட்டி போட்டுப் பால் குடுக்குது. மேல பாருங்க, வயித்தோட ஒட்டிக்கிட்டு இருக்குதுல்ல, அது குட்டி. உங்க எருமை நமக்கு எவ்வளவு நெருக்கமோ, அதுவும் அவ்வளவு நெருக்கம். இலுப்பைக்கும் அதுக்கும் ரத்த உறவே கிடையாது. வகைப்பாட்டுல முதல் படியிலயே பிரிஞ்சுட்டாங்க. ஒண்ணு தாவரம், ஒண்ணு விலங்கு. ஆனா பூத்தா அது வந்து தின்னுது, பழுத்தா எடுத்துக்கிட்டுப் போய் எங்கயோ கொட்டையைப் போட்டு முளைக்க வெக்குது. உங்க பழக்கத்துல சொன்னா, ரெண்டு பேரும் சம்பந்திங்க."

செல்லமுத்து தலையைச் சொறிந்தார்.

"அப்ப, சம்பந்தி பங்காளி ஊட்டுக்குப் போயிச் சாப்பிடறாரு. அதுக்குத்தானுங்களா நான் மனுக் குடுத்தது?"

"ஆமாங்க. அதுதான் கேஸு."

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. முடியவில்லை. செல்லமுத்து நல்ல மனிதர், ஆனால் அவருக்கு அது ஒன்றுதான் வருமானம். ஒரு காலை வைத்துக்கொண்டு இன்னொரு தொழிலுக்கும் போக முடியாது. "கேக்க நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் மெதுவாக. "ஆனா எனக்குப் பொளப்பு வேணுமே சாமி. மரத்தை நீங்க வெட்டிருங்க."

ரேஞ்சர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஜீப்பிலிருந்து தார் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொண்டுவரச் சொன்னார். வெட்ட வேண்டிய மரத்துக்கு நம்பர் போடுவது அதில்தான். "சரிங்க. மனுதாரர் மரத்தைத் தொட்டுக் காட்டுங்க, எதெதுன்னு. நாங்க நம்பர் போட்டுக்கறோம்."

செல்லமுத்து முதல் மரத்துக்கு நடந்தார். கையைத் தூக்கினார். மேலே ஒரு தாய் வௌவால் றெக்கையை ஒதுக்கிக் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கை பட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. முனியப்பன் சிலையைத் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிரஷ்ஷிலிருந்து தார் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் தொட்டா, நானே வெட்டுன மாதிரிதானுங்களே?"

"ஆமாங்க."

"நான் தொடாம நீங்க வெட்டுனா?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. உங்க சாமிதான் சொல்லணும்."

செல்லமுத்து கையை இறக்கி இடுப்பு வேட்டியில் துடைத்துக்கொண்டார், எதையும் தொடாமலே. மனுவைத் திருப்பிக் கேட்டார். ரேஞ்சர் கொடுத்தார்.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டேன். "சார், மனுதாரர் தொட்டுக் காட்டணும்னு ரூல் இருக்குதுங்களா? நான் படிச்சதுல இல்லையே."

"இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அவர் அந்த மனிதரை அப்படியே விட்டுவிடவில்லை. அதைத்தான் நான் கவிதாவுக்குச் சொல்ல நினைத்திருந்தேன். அடுத்த வாரமே மேட்டூர் மீன்காரர்களிடம் சொல்லிப் பழைய வலைகள் வாங்கி வந்தார். ஏரியை ஒட்டிய முதல் இரண்டு வரிசைச் சப்போட்டா மரங்களுக்கு வலை கட்டினோம். தொளதொளவென்று கட்டினால் வௌவால் சிக்கிச் செத்துவிடும், கட்டில் கயிறு போல விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும் என்று அவரே ஏணியில் ஏறிக் காட்டினார். காயை மரத்தில் பழுக்க விடாமல் முன்கூட்டியே பறித்து வீட்டில் பழுக்க வைக்கச் சொன்னார். நஷ்டம் முழுதாக நிற்கவில்லை, பாதிக்கு மேல் நின்றது. அறிக்கையில் "சப்போட்டாவைத் தின்பது உண்மை" என்று முதல் வரியாக எழுதினார். அதை ஏன் முதலில் எழுத வேண்டும் என்று கேட்டேன். "இருக்கறதை இல்லேன்னு இன்னிக்கு எழுதினா, இல்லாததை இருக்குன்னு நாளைக்கு எழுதச் சொல்லுவாங்க" என்றார்.

அதன் பிறகு வந்த வருஷங்கள்தான் என் வேலையின் நல்ல வருஷங்கள். அந்தப் பக்கம் எந்த வேலை என்றாலும் சாயங்காலம் முடியும்படி பார்த்துக்கொள்வேன். பொழுது சாயும்போது ஏரிக்கரையில் நின்றால் முதலில் ஒரே ஒரு வௌவால் கிளம்பும். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். பிறகு மற்றவை. தலைக்கு மேலே போகும்போது றெக்கைச் சத்தம் கேட்கும், துணியை உதறுவது போல. பங்குனியில் இலுப்பை பூக்கும். தரையெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகத் தித்திப்பு வாசனை. பூவைத் தின்கிற வௌவால்கள் கீழே சிந்துவதை ஆடுகள் வந்து தின்னும். செல்லமுத்து பக்கத்தில் வந்து நின்று, "சம்பந்தி ஊட்டு விருந்துங்க" என்பார். ரேஞ்சர் மாற்றலாகிப் போன பிறகும் நாங்கள் இருவரும் அப்படி நின்றிருக்கிறோம். ஓய்வு பெற்றபின் ஒரு முறை ரேஞ்சரும் பஸ்ஸில் வந்தார். மூன்று பேரும் கடைசி வௌவால் போகும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தச் சாயங்காலம் மறுபடி கிடைக்கும் என்றால் என் பென்ஷனில் பாதியைக் கொடுத்துவிடுவேன், என் வீட்டுக்காரர் திட்டினாலும் பரவாயில்லை.

பிறகு என்னை வாழப்பாடிப் பக்கம் மாற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து சில பேர் பைக்கில் ஏர்கன்னோடு வந்து வௌவால் சுட ஆரம்பித்தார்கள். ஆஸ்துமாவுக்கு அந்தக் கறி நல்லது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். ஊரே கொதித்தது. பெண்கள் துடைப்பத்தோடு துரத்தினார்கள். கூட்டம் போட்டார்கள். இருட்டு இருப்பதால்தானே திருடன் வருகிறான், நம் சாமி மரம் இருட்டில் கிடக்கலாமா என்று பேசி, எல்லாரும் சேர்ந்து அலைந்து மனுக் கொடுத்து, இலுப்பை வரிசைக்கு நடுவில் ஒரு ஹைமாஸ் விளக்கு வாங்கி நட்டுவிட்டார்கள். பூஜை போட்டு, பொங்கல் வைத்து, சுவிட்ச் போட்டார்கள். பட்டாசு மட்டும் வெடிக்கவில்லை.

சில வாரம் கழித்துச் செல்லமுத்து போன் செய்தார். "மேடம், சாமி போயிட்டு இருக்குதுங்க."

நான் போனபோது பாதி மரங்கள் காலி. அடுத்த முறை போனபோது முழுவதும். அத்தனை பெரிய மரங்களில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. விளக்கைக் காட்டி, இந்த வெளிச்சம்தான் விரட்டிவிட்டது என்று சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. புரியவில்லை என்பதில் அவர்கள் தப்பும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் வௌவாலுக்காகச் சத்தத்தைத்தான் விட்டுக்கொடுத்திருந்தது. மேளம் அடித்தால் கூட ஊருக்கு அந்தக் கோடியில்தான். வெளிச்சத்தைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன் அங்கே வெளிச்சம் இருந்ததே இல்லை.

"வெடிதானுங்க ஆகாது. வெளக்குச் சாமிக்கு ஆகாமப் போகுமுங்களா?" என்று கேட்டார் ஒரு பெரியம்மா.

விளக்கை எடுப்பதும் லேசாக இல்லை. அதற்குள் ஊர் அதற்குப் பழகியிருந்தது. பெண்கள் இருட்டிய பிறகும் பயமில்லாமல் ஏரிப் பக்கம் போனார்கள். பிள்ளைகள் விளக்கடியில் ஷட்டில் விளையாடினார்கள். வௌவால் வருமா வராதா தெரியாது, இருக்கிற வெளிச்சத்தை எதற்கு விடுவது என்று கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. செல்லமுத்துதான் வீடு வீடாகப் போனார், அந்தக் காலை இழுத்துக்கொண்டு. ஒரு காலத்தில் அவற்றைச் சுடச் சொல்லி மனுக் கொடுத்தவர் அவர் என்று எல்லாருக்கும் தெரியும். அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். அவர் போவதை நிறுத்தவில்லை. கடைசியில் விளக்கு பஸ் ஸ்டாப்புக்குப் போனது. பெண்கள் இறங்கி நடக்கும் வழி முழுக்க வெளிச்சம், ஏரிக்கரை பழைய இருட்டு. எல்லாருக்கும் சம்மதமாகிவிட்டது.

வௌவால்கள் திரும்பி வரவில்லை.

நான் ஓய்வு பெற்றேன். ரேஞ்சர் இறந்த செய்தியைச் செல்லமுத்துவிடம் போனில் சொன்னபோது, "அந்த வேட்டி யாருகிட்டங்க இருக்குது?" என்று கேட்டார். என்னிடம்தான் இருக்கிறது. மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன், விரிக்க வேலை இல்லை.

கவிதா போன் செய்த அதே வாரத்தில் ஒரு நாள் காலை வாசலில் சத்தம். செல்லமுத்து. தலை முழுக்க நரைத்துவிட்டது. திருச்செங்கோட்டுக்கு ஆஸ்பத்திரி வேலையாக வந்தாராம். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வரச் சொல்லி, காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரே ஒரு சப்போட்டாவை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் கடிபட்டிருந்தது.

"மொத வரிசை மரத்துலங்க. ஏரிப் பக்கத்துக் கெளையில. பாருங்க மேடம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். ரேஞ்சரைப் போல முகர்ந்து பார்த்தேன். திருப்பினேன். சின்னச் சின்னதாக, ஒன்றை ஒட்டி ஒன்றாகச் சுரண்டிய தடம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது மாறப்போவதில்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் வந்தது. அந்த மனுஷர் சந்தோஷமாக ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

"சக்கை ஏதாச்சும் கெடைச்சுதுங்களா?"

"இல்லீங்க."

"அணிலுங்க" என்றேன்.

செல்லமுத்து தலையாட்டினார். முகம் மாறவில்லை. "தெரியுமுங்க. அன்னிக்கே ரேஞ்சரய்யா சொல்லிக் குடுத்தாருங்களே. எனக்கு அணில் பல்லுத் தெரியாமப் போகுமுங்களா?"

"அப்புறம் ஏனுங்க கொண்டாந்தீங்க?"

"நீங்க வேற மாதிரி ஏதாச்சும் சொல்லுவீங்களான்னுதானுங்க."

தெருவில் ஒரு ரிக் வண்டி முக்கிக்கொண்டு திரும்பியது. அவர் பழைய பழக்கத்தில் எட்டிப் பார்த்தார்.

வௌவால் இப்போது பாதுகாக்கப்பட்ட உயிர், தீங்குயிர் இல்லை, அதைச் சுட்டால் ஜெயில் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "நல்லதுங்க" என்றார். "இலுப்பைக்கு?"

"இலுப்பைக்கு ஒண்ணும் இல்லீங்க. அது அப்படியேதான்."

"அதுக்கென்னுங்க. அதுதான் அங்கயே நிக்குதே" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "நான் இப்ப வலை கட்டறதில்லீங்க மேடம். விட்டு மூணு போகமாச்சு. மொத ரெண்டு வரிசையையும் பறிக்காம மரத்துலயே பளுக்க விட்டுடறனுங்க. எம் மருமவ சத்தம் போடுதுங்க. போட்டும். போறப்ப வாரப்ப வாசம் வந்தா, எறங்கிப் பாக்குமுல்லீங்க."

போன தீபாவளிக்கும் ஊரில் வெடி வெடிக்கவில்லையாம். மரத்தில்தான் ஒன்றும் இல்லையே, இப்போது யாருக்காக என்று பேரன் கேட்டானாம். "வந்தா?" என்று மட்டும் சொன்னாராம் இவர்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நான் பீரோவைத் திறந்து வேட்டியை எடுத்து அவர் மஞ்சள் பையில் வைத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசற்படி இறங்கும்போது காலைப் பார்த்து வைத்தார்.

"சக்கை கெடைச்சா வாரேனுங்க."